புகை குறையட்டும், உழவர் சுமை கூடலாமா?

மத்திய அரசின் வாகனப் புகை விதிகள் பட்டணத்துக்கு மட்டுமே உரியவை என்று விவசாயிகள் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றும் மொபெட் முதல் உழவு டிராக்டர் வரை யாவும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவையே.

ஓசூரில் 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் உற்பத்தி தொடங்கியது. அதன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நாடெங்கும் அமலாகவே, புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் பெட்ரோலை அளந்து செலுத்தும் அமைப்பு வந்தது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கும் 2023 ஜனவரி 1 முதல் விதி கடுமையாக்கப்பட்டது.

இதனால் விவசாயிக்கு நன்மை உண்டா? நிச்சயம் உண்டு. புகையிலுள்ள சில வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது. அது இலைத்துளை வழியே புகுந்து பீன்ஸ், உருளைக்கிழங்கு போன்ற பயிர்களின் விளைச்சலைக் குறைக்கும். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பயிர் செய்யும் நமக்கு இது அயலார் பிரச்சினை அன்று.

ஆனால் இடர்ப்பாடு பழுது பார்ப்பதில் இருக்கிறது. கார்புரேட்டரை உள்ளூர் மெக்கானிக்கே கழற்றித் துடைத்துச் சரிசெய்துவிடுவார். சென்சார் கோளாறைக் கண்டறியவோ தனிக் கருவியும் பயிற்சியும் தேவை. பறித்த தக்காளி அதுவரை காத்திராது. சந்தை தவறினால் சிறு விவசாயிக்கு அந்தப் பறிப்பே நஷ்டம்.

இதற்காக விதியைத் தளர்த்தச் சொல்வது முறையாகாது. வசதியைப் பெருக்குவதே வழி. ஒன்றியத்துக்கு ஒரு வேளாண் பொறியியல் பணிமனையில் சோதனைக் கருவி வைக்க வேண்டும். கிராம மெக்கானிக்குகளுக்கு ஐ.டி.ஐ.க்களில் குறுகிய காலப் பயிற்சி தர வேண்டும். வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூர் வட்டாரத்தில் இது இயலாத காரியமன்று.

விவசாயிகளும் தம் பங்கைச் செய்யலாம். டிராக்டரின் கரும்புகை, காசு கொடுத்து வாங்கிய டீசல் வீணாவதன் அறிகுறி. ஏர் ஃபில்டரை உரிய காலத்தில் சுத்தம் செய்யுங்கள். டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள்.

புகையைக் குறைக்கும் கடமை உழவருக்கு உண்டு. பழுது நீக்கும் வசதியைக் கிராமத்துக்குக் கொண்டுவரும் கடமை, விதி செய்வோருக்கும் வண்டி செய்வோருக்கும் உண்டு.