எண்ணப்படாத நோவு

இலங்கையின் சுகாதாரத் துறையைப் பற்றி எழுத அமரும் எவருக்கும், பெருமையோடு தொடங்க ஒரு செய்தி எப்போதும் உண்டு. நம் நாட்டில் பேறுகாலத்தில் தாய் இறப்பது அரிது. தெற்காசியாவில் பலர் இன்னும் எட்டிப் பிடிக்காத நிலை அது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவும், அதன் வழிவந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும், வீடு வீடாக ஏறி இறங்கும் குடும்பநல மாதுக்களும் ஈட்டித் தந்த புகழ் அது. நானும் இதைப் பத்திரிகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை எழுதவும் தயங்க மாட்டேன்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கருவுற்ற பெண்ணைத் தேடி வரும் அரசு, பிள்ளைப்பேறு ஓய்ந்த பெண்ணை எங்கே வைத்திருக்கிறது? வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அவளுக்கு ஓர் அட்டை உண்டு, நிறை பார்ப்பார் உண்டு, இரும்புச்சத்து மாத்திரை உண்டு. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டால், அவளுடைய கருப்பை அவளுக்கு மட்டுமே உரிய கவலையாகிவிடுகிறது.

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையை மனத்தில் வைத்தே இதைக் கேட்கிறேன். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகப் பாலாவிக்கு வந்து, அங்கிருந்து நுரைச்சோலை, ஆலங்குடா என்று கற்பிட்டி முனைவரை நீளும் கரை அது. கருவாடு காயப் போடுபவர்கள், உப்பளத்தில் நிற்பவர்கள், மணல் நிலத்து வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் குனிந்தே நாளைக் கழிப்பவர்கள் எனப் பெண்களின் உழைப்பால் நடக்கும் கரை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து ஒதுங்கியதும் இந்த மாவட்டத்தில்தான். அன்று கைக்குழந்தையோடு வந்த இளந்தாய்க்கு இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது. கூடாரத்திலும் கிடுகுக் கொட்டிலிலும் மறைவான ஒரு கழிப்பறைக்கு ஏங்கி அவள் கழித்த ஆண்டுகள் அவள் உடலில் எதை எழுதிச் சென்றன என்று யாராவது வாசித்துப் பார்த்தோமா?

வெள்ளைபடுதலை 'உடம்புச் சூடு' என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். அளவு மீறிய உதிரப்போக்கை 'வயசுக் கோளாறு' என்கிறார்கள். கருப்பை இறக்கத்துக்குப் பெயரே சொல்வதில்லை. ஆண் நிருபனாகிய என்னிடம் இவற்றை அவர்கள் சொல்லப் போவதுமில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆதலால் இது குறிப்பேட்டோடு அலையும் பத்திரிகைக்காரனால் திரட்டக்கூடிய செய்தியன்று. முறையான ஆய்வு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணமே அதுதான்.

இப்படியோர் ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் ஒரு சான்று உண்டு. மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர் ராணி பாங்கும் அவருடைய குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, அதன் முடிவுகளை 1989இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். அவர்களுள் 92 சதவீதத்தினருக்கு ஏதாவதொரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் ஒரு தடவையேனும் பெண்நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ வெறும் 8 சதவீதம். குறை ஏதும் சொல்லாத பெண்களிடமும் நோய் இருந்தது. முறையிடாதவளுக்கு நோயில்லை என்று எண்ணியிருந்த மருத்துவ உலகின் கணக்கு அன்றோடு பொய்த்தது.

அது மராட்டியத்துக் காட்டுப்புறம், நம் பெண்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டுக்கே வருவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கிராமப்புறத்து இளம் மணமான பெண்கள் 451 பேரிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. எல்லாரும் 16 முதல் 22 வயதுக்கு உட்பட்டவர்கள். 53 சதவீதத்தினர் பெண்நோய் அறிகுறிகளைச் சொன்னார்கள். 38 சதவீதத்தினருக்கு இனப்பெருக்கத் தொகுதியில் தொற்று இருப்பதை ஆய்வுகூடம் உறுதிசெய்தது. அறிகுறி உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த மருத்துவமும் தேடவில்லை. ஏன் என்று கேட்டபோது சொல்லப்பட்ட காரணங்கள்: அருகிலுள்ள நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவு இல்லை, தூரம், செலவு, இதெல்லாம் இயல்புதான் என்ற எண்ணம்.

அந்த ஐந்து காரணங்களையும் இன்னொரு முறை பாருங்கள். 'எங்கள் பெண்கள் கூச்சப்படுவார்கள், கிளினிக்குக்கு வர மாட்டார்கள்' என்று அதிகாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முஸ்லிம் ஊரென்றால் மதத்தைச் சொல்வார்கள், மீனவர் ஊரென்றால் அறியாமையைச் சொல்வார்கள். ஐந்தில் நான்கு காரணங்கள் நிர்வாகத்தின் பொறுப்பில் வருபவை. ஒரு பெண் மருத்துவரை அமர்த்துவதும், ஒரு திரையைக் கட்டுவதும், கிளினிக்கை ஊருக்குள் கொண்டுவருவதும், அவள் பேசும் மொழியில் கேட்பதும் யாருடைய வேலை? பெண்ணின் கூச்சத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் எத்தனை காலம் தப்பித்துக்கொள்வது?

இலங்கை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்ணுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பார்க்கும் ஏற்பாடு அது. 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. இரண்டும் பாராட்டுக்குரியவை. ஆனால் மகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஊசி கிடைத்துவிடுகிறது. தாயோ கிளினிக்கைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அது நடக்கும் காலை வேளை, கருவாடு பரப்பும் வேளையாகவும் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் வேளையாகவும் இருந்தால், அவள் எதைத் தெரிவாள்?

கணக்கெடுப்பிலும் இந்தப் பெண்களின் கதை வேறு. இலங்கையின் குடிசன, சுகாதார மதிப்பீடு 1993இலும் 2000இலும் வடக்கையும் கிழக்கையும் சேர்க்காமலே நடந்தது. 2006-07இல் வட மாகாணம் மட்டும் விடுபட்டது. நாடு முழுவதும் ஒன்றாக எண்ணப்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ துரத்தப்பட்டவளின் சொந்த ஊர் கால் நூற்றாண்டு அளவுக்கு அந்தக் கணக்கில் இல்லை. அவள் வந்து சேர்ந்த ஊரோ புத்தளம் மாவட்டத்தின் சராசரியில் கரைந்து போனது. ஆனமடுவையின் வயற்காரியும் கற்பிட்டியின் மீன்காரியும் அகதி முகாமிலிருந்தவளும் ஒரே எண்ணுக்குள் அடங்கும்போது, அந்த எண் எவருடைய நோவையும் சொல்வதில்லை.

நிற்க. ஆய்வு என்றவுடனே கரையோர மக்களுக்குச் சலிப்பு வருவதையும் நான் அறிவேன். இடம்பெயர்ந்த காலந்தொட்டு வினாக்கொத்தோடு வந்து போனவர்கள் ஏராளம். என்ன கண்டார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் சொற்பம். ஆகவே ஆய்வுக்கும் ஒரு நெறி வேண்டும்.

தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஓர் ஆய்வை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பயிற்சி பெற்ற தாதியர், வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் தடவி, நிறம் மாறுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். 30 முதல் 59 வயதான பெண்களுக்கு ஒரே ஒரு முறை செய்த அந்த எளிய பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் நேரும் இறப்பை 35 சதவீதம் குறைத்தது என்று 2007இல் முடிவு வெளியாயிற்று. பெரிய ஆய்வுகூடம் இல்லாத ஊர்களுக்கு அது நம்பிக்கை தந்த செய்தி. ஆனால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பரிசோதனை வழங்கப்படாமல் வைக்கப்பட்ட ஊர்களின் பெண்களுக்கு அது நியாயமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. அந்தக் கேள்வியும் சரியானதே. ஏழைப் பெண்ணின் உடலிலிருந்து உலகம் பாடம் கற்குமானால், முதற்பயன் அவளுக்கே சேர வேண்டும்.

இன்று அதைவிடத் துல்லியமான வழி இருக்கிறது. எச்.பி.வி. வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே, தன் வீட்டு மறைவில் எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார அமைப்பு 2021இல் இதைப் பரிந்துரைத்தது. கூச்சத்துக்கும் தூரத்துக்கும் ஒருசேர மருந்து இது. இலங்கையில் இந்த மரபணுப் பரிசோதனை முன்னோடியாக நடந்தது களுத்துறையில். 1926இலும் களுத்துறை, இப்போதும் களுத்துறை! அங்கே தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது, வசதி இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆய்வாளருக்கு வசதியான ஊரிலேயே ஆய்வு நடந்துகொண்டிருந்தால், வசதியற்ற ஊரின் பெண் என்றைக்கு எண்ணப்படுவாள்?

நான் கேட்பது பெரிதன்று. வடமேல் மாகாணத்திலேயே, குளியாப்பிட்டியில், வயம்பப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மருத்துவ பீடம் இருக்கிறது. அது இந்தக் கரையைத் தன் ஆய்வுக் களங்களுள் ஒன்றாக ஏற்கட்டும். தமிழ் பேசும் பெண்களே வீடுகளுக்குச் சென்று கேட்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகமும், கோவில் பரிபாலன சபையும், பங்குத்தந்தையும் ஆண்களைக் கூட்டிப் பேசுவதோடு நில்லாமல், ஊரின் பெண்களிடமே முதலில் சம்மதம் கேட்கப்படட்டும். நோய் காணப்பட்ட ஒவ்வொருத்திக்கும் சிகிச்சைக்கு வழி செய்தபின்பே ஆய்வுக் கட்டுரை அச்சேறட்டும். முடிவுகள் அந்த ஊரில், அந்த மொழியில் வாசிக்கப்படட்டும்.

எண்ணிக்கை வெறும் காகிதம்தானே என்பவர்களுக்கு நேபாளத்தைக் காட்டுவேன். அங்கே கருப்பை இறக்கத்தால் அவதிப்பட்ட பெண்களின் நிலை நீதிமன்றத்துக்குச் சென்றது. அது பெண்களின் இனப்பெருக்க சுகாதார உரிமை சார்ந்த விடயம் என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே சொல்லவும் நாணிய ஒரு நோய், அரசு பதில் சொல்ல வேண்டிய பிரச்சினையாயிற்று.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு சொல். நீங்கள் வாழும் நாட்டில் குறித்த வயது வந்ததும் உங்கள் மனைவிக்கோ சகோதரிக்கோ பரிசோதனைக்கான அழைப்புக் கடிதம் வீடு தேடி வரலாம். அப்போது ஊரில் உள்ள அம்மாவிடமோ ராத்தாவிடமோ, 'நீங்கள் காட்டினீர்களா?' என்று தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை அவர்களிடம் இதுவரை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.