வீரனும் அவன் நின்ற தரையும்

புகழ் மக்கள் வாயிற் பிறப்பது. பயிற்சியோ மக்கள் காணாவிடத்து நிகழ்வது. வென்றவன் கழுத்தில் மாலை விழும் நாளிற் கூடும் கூட்டம், அவன் வெறுங்காலோடு ஓடிய நாளில் அங்கிருந்ததில்லை. இஃது உலகியல்பே. ஆயினும், ஒரு வீரனைப் போற்றுவோர் அவனை ஆக்கிய தரையையும் அறிந்து பேணுதல் வேண்டும் என்பது எம் கருத்து. அதற்குக் கோவில்பட்டியே தக்க சான்று.

கோவில்பட்டி வானம் பார்த்த கரிசற் பூமி. மழை பெய்தால் காலைப் பற்றும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் தீப்பெட்டியும் இவ்வூர்ப் பெயரை நெடுநாளாகச் சுமந்து வந்தன. 2020-ஆம் ஆண்டில் இதன் கடலை மிட்டாய் புவிசார் குறியீடும் பெற்றது. இவற்றோடு எண்ணத்தக்க மற்றொரு விளைவும் இங்குண்டு. அதுவே ஹாக்கி என்னும் வளைகோற் பந்தாட்டம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விளையாட்டு விடுதி இங்குளது. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை விரிக்கப்பட்டுளது. இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பல திசைகளிலிருந்தும் அணிகள் வருகின்றன.

இவ்விளைவின் பயனை 2022-ஆம் ஆண்டில் நாடு கண்டது. ஜகார்த்தா நகரில் நடந்த ஆசியக் கோப்பைக்குச் சென்ற இந்திய அணியில் தமிழ்நாட்டார் இருவர் இடம் பெற்றனர். ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன். மற்றவர் அரியலூரிலிருந்து கோவில்பட்டி விடுதிக்கு வந்து பயின்ற கார்த்தி. மே 23-ஆம் நாள் பாகிஸ்தானை எதிர்த்த முதலாட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் கார்த்தியே. ஜப்பானை வென்று அவ்வணி வெண்கலம் பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னை எழும்பூர் அரங்கில் நடந்த ஆசியச் சாம்பியன் கோப்பையிலும் கார்த்தி ஆடினார். இறுதியாட்டத்தில் 1-3 எனப் பின்தங்கிய இந்தியா, மலேசியாவை 4-3 எனப் புறங்கண்டது. கரிசற் காட்டில் விதைத்தது கடற்கரைப் பட்டினத்தில் விளைந்ததென்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி தக்கதே, ஆயின் அதனோடு நின்றுவிடுதல் தக்கதோ?

வேற்று நாட்டு வீரர் ஒருவரை நோக்குவோம். பனிமேற் சறுக்கி விரைதலும் இடையிடையே நின்று துப்பாக்கியாற் குறி சுடுதலும் சேர்ந்த பயத்லான் என்னும் ஆட்டத்தில் பிரெஞ்சு வீரர் மார்ட்டின் ஃபூர்காட் 2012 முதல் 2018 வரை இடையறாது 7 ஆண்டுகள் உலகக் கோப்பையின் மொத்தப் பட்டத்தைத் தம்மதாக்கிக் கொண்டார். 2014-இல் 2 ஒலிம்பிக் தங்கமும் 2018-இல் 3 தங்கமும் பெற்று, 2020-இல் ஓய்வு கொண்டார். இவர் பிறந்தது பெருநகரிலன்று. ஸ்பெயின் எல்லையை அடுத்த பிரனீஸ் மலைப்புறத்திலே. ஆனால் அம்மலையிற் பனியிருந்தது. அங்குள்ள ஃபோன் ரோமு என்னும் சிற்றூரில் 1968-இன் மெக்சிக்கோ ஒலிம்பிக்கை முன்னிட்டு எழுந்த பயிற்சி நிலையமும் பள்ளியும் ஒரே வளாகத்தில் உள்ளன. ஆடவேண்டிய தரை சிறுவர் கண்முன் கிடந்தது. அத்தரைக்குப் பக்கத்திற் புத்தகமும் இருந்தது.

நம் சிறுவர் நிலை என்ன? 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதல் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அதுவரை 7 முறை தங்கம் வென்றிருந்த இந்தியா அவ்வாண்டு 7-ஆம் இடத்திற்கு இறங்கிற்று. தரை மாறினால் ஆட்டமே மாறும் என்பதை நாடு அன்று கற்றது. கட்டாந்தரையிற் பந்து துள்ளும். செயற்கைத் தரையில் வழுக்கி விரையும். முன்னதில் தடுத்தலும், பின்னதில் தள்ளுதலும் ஓட்டமும் முதன்மை பெறும். நாடு கற்ற பாடத்தை எம் தோழர் ஒருவர் தாமே கற்றார். கரிசற் கிராமத்துப் பள்ளித் திடலில் எவரும் நெருங்கவொண்ணாதபடி ஆடியவர் அவர். செயற்கைத் தரையில் அவர் முதன்முதற் காலூன்றியது தேர்வு நாளன்றே. பந்து அவர் கோலைக் கடந்து போயிற்று, தேர்வும் போயிற்று. அவர் திறமையிலரென்று கூற எமக்கு நாவெழவில்லை.

இங்கே ஒரு தடை எழுப்புவோர் உளர். ‘குடங்களை வரிசை வைத்துக் குழாய்நீருக்குக் காத்திருக்கும் வறண்ட நாட்டில், ஆட்டத்தின்பொருட்டுத் தரையை நனைப்பது அறமோ?’ என்பர். இவ்வினா இகழத்தக்கதன்று. கோடையில் தாகத்தோடு நிற்கும் தாய்மாரை மறந்து பேசுவோமாயின் எம் பேச்சு பேச்சாகாது. ஆயினும் உலகமே இதற்கு வழி தேடுகின்றது. 2024-இன் பாரிஸ் ஒலிம்பிக்கில் நீர்த்தேவை மிகக் குறைந்த தரையே விரிக்கப்பட்டது. மேலும், விரித்து நனைத்த தரையைச் சிலர்க்கு மட்டும் திறந்துவைப்பதே பெருவிரயம் என்போம் யாம். நூறு சிறுவர் ஓடினும் பத்துப்பேர் ஓடினும் தரை கொள்ளும் நீர் ஒன்றே அன்றோ?

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, செயற்கைத் தரையுள்ள ஊர்களில் வாரத்தில் ஒரு நாளேனும் சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்கென ஒதுக்கப்படல் வேண்டும். தேர்வு நாளில் எச்சிறுவனும் சிறுமியும் அத்தரையைப் புதிதாகக் காணலாகாது. இரண்டாவது, கோல் பிடித்த கையிலிருந்து புத்தகம் நழுவாதபடி காத்தல் வேண்டும். அணியிற் சேர்வோர் பதினெண்மர், சேராதோர் ஆயிரவர். முழங்காற் காயம் ஒன்றே ஒருவன் ஆட்டத்தை முடித்துவிடும். அந்நாளில் அவனுக்குக் கல்வி கைகொடாதாயின், அவனை ஆடவிட்டு ஆர்ப்பரித்த நாம் அவனுக்குக் கடன்பட்டவராவோம். போட்டிக்குச் சென்று தேர்வெழுத இயலாத மாணவர்க்கு மறுதேர்வு அளிப்பது சலுகையன்று, நீதியே.

கொரிந்து சபையார்க்கு நிருபம் எழுதிய பவுலடிகள், பந்தயத்தில் ஓடுவோரையே விசுவாச வாழ்க்கைக்கு உவமை காட்டினார். ஓடுவோர் பலரெனினும் பரிசு பெறுபவர் ஒருவரே என்பதையும் அவர் மறைத்திலர். மற்றையோரும் ஓடினவரே என்பதை நாம் மறவாதிருப்போமாக.

நண்பர்காள்! கார்த்தியையும் மாரீஸ்வரனையும் வாழ்த்துவோம். வாழ்த்திய கையோடு, விடுமுறையில் ஊர் செல்லுங்கால் நம் பழைய பள்ளித் திடலை ஒருமுறை எட்டிப் பார்ப்போம். அங்கே கருவேலங் கிளையைக் கோலாக வளைத்துக்கொண்டு ஒரு சிறுவன் ஓடிக்கொண்டிருப்பான். அவன் பெயரை இன்று கேட்டறிவோம். மாலை விழும் நாள்வரை காத்திருக்க வேண்டா.