மாணவர் எழுத்து முதலில் மாணவர் கைக்குப் போகட்டும்

நிலாவெளிப் பிள்ளைகள் எழுதும் கதையும் கவிதையும் ஆசிரியரின் சிவப்புப் பேனைக்கும் நடுவரின் புள்ளித்தாளுக்கும் போகுமுன் சக மாணவர் கைக்குப் போக வேண்டும். நிலாவெளியில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் பேசி எடுத்த முடிவு இது.

எங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தது ஒரு சூரியன். தரம் 8 மாணவி ஒருத்தி கடற்கரையில் கழித்த மாலைப்பொழுதைப் பற்றி எழுதி வந்தாள். நல்ல தமிழ், எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. கடைசியில் செஞ்சூரியன் கடலுக்குள் மூழ்கியது. பெரியவர்கள் நாங்கள் வாசித்துத் தலையாட்டினோம். அவளோடு படிக்கும் பெடியன்தான் கேட்டான்: "எங்கட கடலுக்குள்ள சூரியன் எப்ப விழுந்தது?" கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், விழுவது தரைப்பக்கம். அவள் எழுதியது கட்டுரைக் கொப்பியில் மனனம் செய்த சூரியன். நாங்களும் இதே கடலோரம் வளர்ந்தவர்கள்தான், கேட்கத் தோன்றவில்லை. அடுத்த கிழமை அவள் கொண்டுவந்த தாளில் விடியற்காலை இருந்தது, கரைவலை இழுக்கும் தகப்பன் இருந்தார், புறாத்தீவுக்கு ஆளேற்றக் காத்திருக்கும் படகு இருந்தது. எழுத்துப்பிழையும் நாலைந்து இருந்தது.

தமிழ்மொழித் தினப் போட்டிகளை நாங்கள் எதிர்க்கவில்லை. பாடசாலை மட்டத்திலிருந்து தேசிய மட்டம் வரை ஏறிய பிள்ளைகளைக் கண்டு மகிழ்ந்தவர்கள்தான். ஆனால் போட்டியில் புள்ளி வரும், இடம் வரும். வாசித்தவர் எந்த வரியில் நின்றார், எங்கே அலுத்தார் என்ற சேதி பிள்ளைக்கு வருவதில்லை. பாடசாலை மலர்களின் கதை வேறு. வாழ்த்துச் செய்திகளைக் கடந்து பிள்ளையின் கவிதைக்கு வருவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். அந்தக் கவிதையிலும் பாதி ரீச்சர் திருத்தியது, மீதி அம்மா எழுதியது. கொஞ்சம் மிகையாகத்தான் சொல்கிறோம், கொஞ்சம்தான்.

நாங்கள் கேட்பது பிள்ளைகள் எழுதி, பிள்ளைகளே வாசித்துக் கருத்தெழுதும் கையெழுத்துச் சஞ்சிகை. இது புதிய ஏற்பாடு ஒன்றுமில்லை. 1946இல் அச்சேறிய யாழ்ப்பாணத்து 'மறுமலர்ச்சி', அதற்கு முன் நண்பர்கள் கைமாற்றி வாசித்த கையெழுத்துச் சஞ்சிகையாகத்தான் இருந்தது. எங்கள் திருகோணமலையிலிருந்தே 2007இல் ஒரு கவிதை இதழ் வந்தது. அதன் பெயர் 'நீங்களும் எழுதலாம்'.

பெற்றோர் சிலர் பயப்படுகிறார்கள்: பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள், பிறகு எழுதவே மாட்டாள் என்று. நியாயமான பயம். ஆகவே பெயர் போடுவதா, புனைபெயரா என்பதை எழுதியவரே தீர்மானிக்க வேண்டும். கருத்துச் சொல்பவர் ஒரு வரியையாவது காட்டிச் சொல்ல வேண்டும். "நல்லாயிருக்கு" என்பதை மட்டும் நாங்கள் கருத்தாக எடுப்பதில்லை. முதலாம் இடம், இரண்டாம் இடம் கிடையாது. இன்னொன்று. 1990இன் போர் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் தொடாத வீடு இந்தக் கரையில் குறைவு. வீட்டில் கேட்ட இழப்பை எழுதென்று எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது. தானாக எழுதினால், அதை யார் வாசிக்கலாம் என்பதையும் அந்தப் பிள்ளையே சொல்ல வேண்டும்.

அதிபர்களிடம் கேட்பது சஞ்சிகையைத் தொங்கவிட ஒரு சுவரும் அதை வாசிக்க மாதத்தில் ஒரு பாடவேளையும். தமிழ்ப் பாடசாலையில் ஒரு மாதம் தொங்கும் சஞ்சிகை அடுத்த மாதம் பக்கத்து முஸ்லிம் பாடசாலைக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஒன்று இங்கே வர வேண்டும். இரு பக்கமும் படிப்பது தமிழில்தான். ஆனாலும் ஒரு பக்கத்துப் பிள்ளை எழுதியதை மறுபக்கத்துப் பிள்ளை வாசிப்பது அரிதாகவே நடக்கிறது. இந்தப் பரிமாற்றத்தைப் போட்டியாக்கும் யோசனை எங்கிருந்து வந்தாலும் அதில் நாங்கள் பங்குபற்ற மாட்டோம்.

முதல் சஞ்சிகையை நாங்களே கட்டித் தருகிறோம். இடப்பக்கம் பிள்ளையின் கையெழுத்தில் ஆக்கம், வலப்பக்கம் வெறுந்தாள். வாழ்த்துச் செய்திக்கு இடமில்லை. அட்டையில் ஒரு நூலில் பென்சில் கட்டியிருக்கும்.