மூணு அடி மண்ணை விட்டு வைப்போம்!



ஆண்டு மலர் உங்கள் கையில் இருக்கிறது. சரி, உங்கள் வீட்டு வாசலில் ஒரு மலராவது இருக்கிறதா?

"நம்ம ஊர்ல ஏதுப்பா வசந்தம்? மழை விட்டா வெயில், வெயில் விட்டா கத்திரி!" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஆனால் சித்திரைக்கும் வைகாசிக்கும் இளவேனில் என்று நம் முன்னோர் சும்மா பெயர் வைக்கவில்லை. அந்த வெயிலில்தான் வேம்பு பூக்கிறது. புங்கம்பூ தெருவெல்லாம் பொரி இறைத்த மாதிரி உதிர்ந்து கிடக்கிறது. சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாய்த் தொங்குகிறது. செமஸ்டர் பயத்தில் தலையைக் குனிந்துகொண்டு போகிற நாம்தான் நிமிர்ந்து பார்ப்பதில்லை!

நம் பக்கத்துப் பூந்தமல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழுப்பெயர் பூவிருந்தவல்லி. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் அந்த ஊர்க்காரர். அங்கே நந்தவனம் வளர்த்து, பூவைக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்கிறது வைணவ மரபு. அதே மரபு இன்னொரு கதையும் சொல்கிறது. சாதி பாராமல் நம்பிகளைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார் இராமானுஜர். இராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பிகள் வந்து சாப்பிட்டுப் போனார். உடனே அந்த வீட்டு அம்மா இடத்தைக் கழுவி விட்டாராம். இராமானுஜர் மனம் நொந்து போனார். நமக்கு இதில் பாடம் ஒன்றுதான். பூவை வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவரை வாசலோடு நிறுத்தினால் அது அக்கம்பக்கம் ஆகாது.

1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்க் ஃபேக்டரியும் வந்தன. எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் இங்கே வேர் விட்டன. சொந்தபந்தம் எல்லாம் ஊரில். அவசரத்துக்கு ஓடி வருவது பக்கத்து வீட்டுக்காரர்தானே? 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் ஏறி நின்றது மாடி வீட்டில்தானே?

அந்த உறவுக்குப் பெரிய விழா எதுவும் வேண்டாம். ஒரு செடி போதும்! "அக்கா, இந்தாங்க, ஒரு முழம் மல்லி." "தம்பி, உங்க வீட்டுச் செம்பருத்தியில ஒரு குச்சி ஒடிச்சுக் குடேன்." பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கும். சித்திரை முதல் நாள் வேப்பம்பூ பச்சடி ஒரு கிண்ணம் அந்த வீட்டுக்குப் போகட்டும். ரம்ஜானுக்கு அங்கிருந்து நோன்புக் கஞ்சி வரட்டும்.

ஆனால் இப்போது நடப்பது என்ன? அரை கிரவுண்டு மனையில் வீடு, போர்ட்டிகோ, பைக் நிறுத்த இடம். மிச்சம் இருக்கிற இடமெல்லாம் சிமென்ட், டைல்ஸ்! கேட்டால், "மண் இருந்தா பூச்சி வரும், குப்பை சேரும்" என்கிறார்கள். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-லேயே சட்டம் வந்தது. பெய்கிற மழையைக் குடிக்க வாசலில் மண்ணையே காணோமே!

இதற்கெல்லாம் ப்ளான் போடுவது யார்? நாளைக்கு நீயும் நானும்தான்! சிவில் நண்பர்களே, காம்பவுண்டு ஓரம் மூணு அடி மண்ணை விட்டு கோடு போடுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் எடுத்துச் சொல்லுங்கள். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. உங்கள் நகரில் அந்த இடம் எங்கே என்று விசாரியுங்கள். பூங்காவாக இருந்தால் சந்தோஷம். புதராகக் கிடந்தால் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

"தண்ணிக்கு எங்கே போறது?" என்பீர்கள். அரிசி, காய்கறி கழுவுகிற தண்ணீரே நாலு செடிக்குக் காணும். கார்த்திகைக் கடைசியில் மல்லியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து எரு வையுங்கள். பங்குனியில் மொட்டு விடும். அந்த முதல் முழம் பக்கத்து வீட்டுக்கு!

அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் தோழர்களே. கான்கிரீட் போட்டு மூடின மண்ணைத் திரும்ப எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

— மூன்றாமாண்டு, சிவில் பிரிவு