ஊர் கூடி வாங்கிய கம்ப்யூட்டர்

முப்பத்தைந்து வருஷமாக மெழுகு பிசைகிறேன். "எந்தப் பலகையில் வைத்து மெழுகு பிடிக்கிறீர்கள்?" என்று இதுவரை ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. சிலை எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மூக்கு எடுப்பா, இடுப்பு ஒடிவு சரியா, விரல் பேசுகிறதா என்று பார்ப்பார்கள். விலையைக் குறைக்கச் சொல்வார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் சிலை செய்யப் பழகலாமா என்று நான் வாயைத் திறந்த நாளிலிருந்து, சுவாமிமலையில் ஆரம்பித்துச் சென்னை வரைக்கும் எல்லாரும் பலகையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

ஆசைப்பட்டுப் போன வேலை இல்லை இது. போன வருஷம் ஒருவர் வந்தார். ஒரே சோமாஸ்கந்தர் 6 அங்குலத்தில் ஒன்று, 9-ல் ஒன்று, 18-ல் ஒன்று வேண்டும், மூன்றும் "காப்பி எடுத்த மாதிரி" இருக்க வேண்டும் என்றார். எங்கள் வார்ப்பில் காப்பி ஏது? காவிரி வண்டல் மண்ணை மெழுகின் மேல் பூசி, நிழலில் காயவைத்து, வரட்டி நெருப்பில் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துப்போடுகிறோம். ஒரு மெழுகுக்கு ஒரு சிலை. மூன்று சோமாஸ்கந்தர் என்றால் மூன்று தடவை மெழுகில் பிடிக்க வேண்டும், மூன்றும் அண்ணன் தம்பிகள் மாதிரிதான் இருக்கும். அதோடு அவர், முன்பணம் தருவதற்கு முன் "3டி-யில் சுத்திக் காட்டுங்க" என்றும் கேட்டார். வெற்றிலைபாக்குத் தட்டில் பணம் வைத்துவிட்டுப் போன காலம் போயிற்று. சரி, கற்றுக்கொள்வோம் என்று கிளம்பினேன்.

முதலில் அக்காள் மகனிடம் கேட்டேன். சென்னையில் சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். "மாமா, கண்ணை மூடிக்கிட்டு விண்டோஸ் வாங்குங்க. ஜீபிரஷ் போடுங்க. கிராபிக்ஸ் கார்டுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்றான். கடைக்காரரிடம் போய் அப்படியே ஒப்பித்தேன். 'கார்டு' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் கோயில் விளக்கு மாதிரிப் பிரகாசித்தது. மொத்தம் 1,35,000 ரூபாய். அதில் கார்டுக்கு மட்டும் 45,000. மூன்று காற்றாடியும் பச்சை, சிவப்பு, ஊதா என்று மாறி மாறி எரிகிற விளக்குமாக ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது.

மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஜீபிரஷ் என்கிற அந்தச் சிற்ப மென்பொருள் செதுக்கும் வேலைக்கு அந்தக் கார்டை நம்பியே இல்லை. லட்சக்கணக்கான புள்ளிகளைத் திரையில் நிறுத்துவது, திருப்பிக் காட்டுவது எல்லாவற்றையும் பிராசஸரையும் நினைவகத்தையும் வைத்தே செய்துகொள்கிறது. ராமை இரண்டு மடங்காக்கியிருந்தால் கால்வாசிக் காசில் வேலை முடிந்திருக்கும். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டரிங்குக்கு கார்டு வேணுமே மாமா" என்றான். ரெண்டரிங் என்றால் வெளிச்சம் போட்டுப் படமாக எடுப்பது. அவனுக்கு அது வேணும், அவன் வேலை அது. நான் செய்வது உலோகத்தில் ஊற்றப் போகிற உருவம். அதற்கு வெளிச்சம் கர்ப்பக்கிருகத்தில் குருக்கள் காட்டுவார். அவன் பொய் சொல்லவில்லை. தன் வேலைக்குத் தேவையானதைச் சொன்னான். என் வேலை என்ன என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் செய்கிற நண்பர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன சார் இது, ஆர்ட்டிஸ்ட் போய் விண்டோஸ் வாங்குவானா? மேக் வாங்கியிருக்கணும். கலர் அப்படியே நிக்கும்!" என் சிலைக்கு ஏது கலர்? பஞ்சலோகத்துக்கு இருக்கிற ஒரே நிறம் பஞ்சலோக நிறம்தான். அவர் சொன்னதற்காக அவருடைய மேக்கில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல பொருள்தான், சத்தமில்லை, சூடில்லை. ஆனால் கன்ட்ரோல் பட்டனை அழுத்தக் கற்றுக்கொண்ட விரலுக்கு இங்கே பாதி இடத்தில் கமாண்ட் பட்டன். போகட்டும், பழகிவிடலாம். இப்போது வருகிற மேக் லேப்டாப்களில் ராமை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், அப்புறம் கூட்டிக்கொள்ள முடியாது என்றார்கள். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவைச் செருகினால் மேக் படிக்கும், எழுதாது. இதெல்லாம் ஆல்பக்காரருக்குத் தெரியாததில்லை. வாங்கும் முன் சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை.

எதிர்வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்கு விண்டோஸ் சொன்னவனும் மேக் சொன்னவரும் முட்டாள்கள். "ஏன் ஐயா காசு குடுக்கறீங்க? லினக்ஸ் போடுங்க, பிளெண்டர் போடுங்க, எல்லாம் ஃப்ரீ." ஜீபிரஷ் லினக்ஸுக்கென்று வருவதே இல்லை என்பதை இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு மெதுவாகச் சொன்னான். அவன்மேல் கோபமில்லை. பிளெண்டர் என்கிற அந்த 3டி மென்பொருளின் கதையைச் சொன்னதே அவன்தான். 2002-இல், அதை எல்லாருக்கும் திறந்துவிட 1,00,000 யூரோ வேண்டும் என்று கேட்டு ஏழே வாரத்தில் ஊர் உலகத்திடம் வசூலித்துவிட்டார்களாம். நாங்கள் கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணுகிற மாதிரிதான். அந்த மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது என்பதையும் அவனே சொன்னான். அப்படியானால் எந்தப் பெட்டி என்று இவ்வளவு சண்டை எதற்கடா என்றேன். பதில் இல்லை.

வாடகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜீபிரஷ் ஒரு காலத்தில் ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற சாமான். வாங்கியவர்களுக்குப் பல வருஷம் புதுப் பதிப்புகளை இலவசமாகவே கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் அது மாக்சன் என்கிற கம்பெனியின் கைக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. அப்புறம் கொஞ்ச காலத்தில் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் தாத்தா அடித்துவைத்த உளி இன்னும் என் பட்டறையில் இருக்கிறது. மெழுகை ஒட்டவைக்கும் சூட்டுக்கோலை நானே நீட்டி வளைத்தேன். உளிக்கு மாச வாடகை என்று சொன்னால் என் அப்பா சிரித்தே இறந்திருப்பார்.

பெட்டிச் சண்டையில் நான் உண்மையில் திணறிய இடங்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீபிரஷில் முதல் நாள் ஒரு உருண்டையை இழுத்துவைத்தேன். செதுக்கலாம் என்று டிஜிட்டல் பேனாவை வைத்தால் இன்னொரு உருண்டை. மறுபடி வைத்தால் இன்னொன்று. சாயங்காலத்துக்குள் திரை முழுக்க லட்டு பிடித்த மாதிரி உருண்டைகள். 'டி' பட்டனை அழுத்தி எடிட் நிலைக்குப் போனால்தான் உருண்டை கைக்கு வரும் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. புதிதாக வருகிற எல்லாருமே இதில்தான் விழுகிறார்களாம்! அப்படியானால் ஜீபிரஷ் போடு என்று சொன்ன வாய் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்தது சிமெட்ரி. ஒரு பக்கம் செதுக்கினால் மறுபக்கமும் தானே வந்துவிடும், பாதி வேலை மிச்சம் என்றார்கள். முகம் வரைக்கும் சரி. எங்கள் தெய்வங்களில் பல எங்கே நேராக நிற்கின்றன? ஒன்று இடுப்பை ஒடித்து நிற்கும், இல்லை காலைத் தூக்கி ஆடும். அர்த்தநாரீசுவரருக்கு சிமெட்ரியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை முழுச் சிவனாக வந்தார், மறு தடவை முழு அம்பாளாக வந்தாள்.

கண் இன்னொரு சங்கடம். கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர் முகத்தை ஆரம்பிக்கும்போதே இரண்டு கோலிகளைக் கண்ணாக வைத்துவிட்டு, அதைச் சுற்றித்தான் இமையைக் கட்டுகிறார்கள். முறை என்று பார்த்தால் தப்பில்லை. ஆனால் எங்களுக்குக் கண் திறப்பது கடைசி வேலை, நாள் பார்த்துச் செய்கிறது. முழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒருவருக்கு மூக்கு வைக்க எனக்குக் கை வரவில்லை. அந்தக் கோலிகளை மறைத்துவைக்க ஒரு வழி கண்டுபிடித்த பிறகுதான் வேலை ஓடியது.

உட்காருவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தரையில் சம்மணமிட்டு, சிலையைக் கால் விரல்களால் பிடித்துக்கொண்டு சீவுகிற ஆள் நான். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் இரண்டும் வேலையில்லாமல் தொங்குகின்றன. பார்வை திரையில், கை மேஜைமேல் இருக்கிற பேனாப் பலகையில். பேனாப் பெட்டியின் அட்டையில் 8,192 அழுத்த அளவுகள் என்று போட்டிருந்தது. கட்டைவிரலுக்கு எத்தனை என்று இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. மெழுகென்றால் கத்திரி வெயிலில் இளகும், அப்போது எண்ணெயைக் குறைத்துக் குங்கிலியத்தைக் கொஞ்சம் கூட்டுவோம், மார்கழியில் அதற்கு நேர்மாறு. திரையில் இருக்கிற களிமண்ணுக்கு சித்திரையும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

எல்லாவற்றையும் தாண்டி ஒரு சின்னப் பிள்ளையாரை முடித்து 3டி-யில் அச்சடிக்கிற இடத்துக்கு அனுப்பினேன். 6 அங்குலப் பிள்ளையார் 6 மில்லிமீட்டரில் மிளகு மாதிரி வந்து சேர்ந்தார். விசாரித்தால், நான் அனுப்பிய எஸ்டிஎல் கோப்பில் எண் மட்டும்தான் இருக்குமாம். அது அங்குலமா, மில்லிமீட்டரா என்கிற கணக்கு அதில் எழுதப்படுவதே இல்லை. வாங்குகிற இடம் தனக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளும். கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். நாங்கள் தென்னை ஓலையை ஒடித்து மடித்து அளவெடுக்கிற ஒடியோலையும் இப்படித்தான். உத்தம தசதாலம் என்கிற அளவுமுறையில் மொத்த உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை ஓர் அங்குலம் என்கிறோம். அந்த அங்குலம் சாண் சிலையில் கடுகளவு, ஆள் உயரச் சிலையில் விரலளவு. ஓலையைப் பார்த்துச் சிலையின் உயரத்தைச் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கோப்பு எங்கள் பரம்பரைதான் போல. கோபத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொண்டேன்.

அச்சடிக்கிற இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அங்கே இருக்கிற தம்பியிடம், "நான் விண்டோஸில் செய்தேன், பரவாயில்லையா?" என்று பயந்துகொண்டே கேட்டிருந்தேன். "எதுல செஞ்சா எனக்கென்னங்க, பிரபை, திருவாசி மெலிசா இல்லாம பாத்துக்குங்க, சின்ன சைஸ்ல ஒடிஞ்சிரும்" என்றார். ஒரு வருஷத்தில் நான் கேட்ட முதல் சிற்ப யோசனை அது.

தம்பி மகள் பொங்கலுக்கு வந்தபோது தன் ஐபேடில் நோமாட் என்று ஒரு செதுக்கும் செயலியைத் திறந்து மடியில் வைத்தாள். சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பேனா படுகிற இடத்திலேயே உருவம் குழிந்தது, கண்ணும் கையும் பழையபடி ஒரே இடத்தில் சேர்ந்தன. அரை மணி நேரத்தில் ஒரு யானை முகம் வந்துவிட்டது. "பெரியப்பா, இதுல எவ்வளவு பெரிய சிலை செய்யப் போறீங்க? ரொம்ப நுணுக்கம்னா இது திணறும்" என்றாள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் 1,35,000 ரூபாயைக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

வீட்டுக்காரி அன்றைக்கே கேட்டுவிட்டாள்: "ஏங்க, மெழுகு வாங்கறதுக்கு முன்னாடி இத்தனை பேரை யோசனை கேப்பீங்களா?"

சோமாஸ்கந்தர் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. 9 அங்குலச் சிலை முடிந்தது, 6-இல் ஸ்கந்தரின் விரல்கள் மெலிந்து நிற்கின்றன, அதைத் தனியாகத் தடிமன் கூட்ட வேண்டும். இந்தப் பெட்டியிலேயே முடித்துவிடுவேன். அந்த கிராபிக்ஸ் கார்டு மட்டும் சும்மா இருக்கிறது. வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது, மூன்று காற்றாடியும் சுற்றுகின்றன, விளக்கும் எரிகிறது. பாதி விலைக்குத் தருகிறேன். எடுக்க வருகிறவர் எந்தக் கம்ப்யூட்டர் நல்லது என்று மட்டும் எனக்குச் சொல்லக் கூடாது.