மதிலில்லாத கலாசாலை

கல்வி எங்கே உறைகிறது? சான்றிதழிலா, கற்றவன் கையிலா? இவ்வினாவுக்கு அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் 1972ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட விடை, கல்வியைச் செல்வமாகப் போற்றும் எச்சமூகமும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அடிமைகளாக விற்கப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்க மண்ணிலே படைத்த இசை, ஜாஸ். உலகம் அதைக் கேட்டு மகிழ்ந்தது. கற்றோர் அவையோ அதற்கு ஆசனம் அளிக்கத் தயங்கியது. உயர்பள்ளிப் படிப்பையும் முடிக்காத மேதை டியூக் எலிங்டனை 1963இல் அமெரிக்க அரசு தன் கலைத்தூதராக இந்தியாவுக்கும் நமது கொழும்புக்கும் அனுப்பியது. 1965இல் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்குமாறு புலிற்சர் பரிசின் இசை நடுவர்கள் பரிந்துரைத்தபோது, மேலிருந்த குழு மறுத்தது. நடுவர் மூவருள் இருவர் பதவி துறந்தனர். அயலாருக்குக் காட்ட அவர் அணிகலன்; சொந்த வீட்டிலே மதிப்பில்லை. இது என்ன நீதி?

இந்த அநீதிக்கு மாற்றுத் தேடியவர் வில்லி றஃப். அலபாமாவின் சிற்றூரொன்றில் 1931இல் பிறந்தவர். 14 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி இராணுவத்திற் சேர்ந்தவர். யேலில் பயின்று, ஜாஸ் கலைஞராகப் புகழ் பெற்று, 1971இல் அங்கேயே ஆசிரியரானவர். மறுவருடமே எலிங்டன் பெயரால் ஒரு திட்டத்தை நிறுவினார். மதிலில்லாத இசைக்கல்லூரி என்பதே அதன் உட்கருத்து. எலிங்டன், டிசி கிலெஸ்பி, சார்ள்ஸ் மிங்கஸ் முதலியோர் யேலுக்கு அழைக்கப்பட்டனர்.

கச்சேரியொன்றின் நடுவே குண்டு மிரட்டல் வந்தது. மண்டபத்திலிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். மிங்கஸ் மாத்திரம் அசையாது நின்று வாசித்தார் என்றும், வெளியே நின்ற எலிங்டன் அதைப் புன்முறுவலோடு கேட்டார் என்றும் றஃப் பின்னர் எடுத்துரைத்தார். அவ்விசையைக் கல்விக்கூடத்தில் ஏற்றுவது எளிய காரியமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் பாராட்டு விழாவை விடப் பெரியது அதன்பின் தொடர்ந்த பணி. அக்கலைஞர்கள் யேல் மாணவருக்கு மாத்திரமன்றி, நியூ ஹேவன் நகரத்துப் பொதுப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் கற்பித்தனர். நகரின் ஏழைப் பிள்ளையும் மேதையின் விரலசைவை அருகிருந்து கண்டது.

பட்டமில்லாதவர் கற்பித்தால் தரம் தாழும் என்பர் சிலர். ஜாஸ் கலைஞன் எழுதிவைத்ததை மட்டும் வாசிப்பவனல்லன். உடன் வாசிப்பவனைக் கேட்டு, அக்கணத்திலேயே புதிதாய்ப் புனைந்து விடையிறுப்பவன். இவ்வித்தையை ஏட்டில் எவ்வளவுதான் எழுத முடியும்? மழைக்குறி அறிந்து விதைக்கும் கமக்காரன் இதை நன்கறிவான். ஏட்டுக்கல்வியை றஃப் இகழவுமில்லை. ஹிண்டெமித் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர் அவர். ஏடும் கையும் பகையல்ல, பகையாக்கியது மதிலே.

எலிங்டன் 1974இல் மறைந்தார். புலிற்சர் குழு தன் பாராட்டை 1999இல் வழங்கியது. மாண்டவர் கழுத்தில் மாலை சூட்டுவது எளிது. வாழும் கலைஞனை அழைத்து, வகுப்பறையில் நிறுத்தி, ஊரார் பிள்ளைகளுக்கும் வாயிலைத் திறப்பதே கடினம். அதைச் செய்யும் சர்வகலாசாலை கலைஞனுக்குச் சலுகை காட்டவில்லை. தன் கடனையே தீர்க்கிறது.