முதுகில் ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி கேளுங்க

1/ போன வாரம் ஓபிக்கு ஒரு பெரியவர் வந்தார். வயசு 68. ஒரு கையில் எம்ஆர்ஐ, இன்னொரு கையில் எஸ்டிமேட். "ஸ்க்ரூ, ராடு வெச்சாதான் நடக்க முடியும்னு சொல்லிட்டாங்க டாக்டர். நிலத்தை வித்துடலாமா?" அந்தக் கேள்விக்காகத்தான் இந்த த்ரெட்.

2/ அவருக்கு இருப்பது ஸ்பைனல் ஸ்டெனோசிஸ். வயசாக ஆக முதுகெலும்புக்குள்ள நரம்பு போற பாதை குறுகிடும். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கடுக்கும், மரத்துப்போகும். உட்கார்ந்தா, குனிஞ்சா சரியாயிடும். அதனால சைக்கிள் மிதிக்க முடியும், தெருமுனைக் கடைக்கு நடக்க முடியாது.

3/ பாதை குறுகிடுச்சுன்னா அகலமாக்கணும். நரம்பை அழுத்துற எலும்பையும் தடிச்ச ஜவ்வையும் எடுக்கிறது டீகம்ப்ரஷன். ஸ்க்ரூ போட்டு ரெண்டு எலும்பை ஒண்ணா இணைக்கிறது ஃப்யூஷன். அது வேற ஆபரேஷன். பெரிய ஆபரேஷன்.

4/ "ரெண்டும் சேர்த்துப் பண்ணா நல்லதுதானே?" இல்லைங்க. ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சும் ஃப்யூஷன் சேர்த்தவங்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. ரத்தப்போக்கும் செலவும்தான் கூடுதல்.

5/ "எலும்பு நழுவியிருக்கே?" 2021-ல் நார்வே ஆய்வு, அப்படி நழுவின 267 பேரிடம்தான் நடந்தது. ரெண்டு வருஷ முடிவில் டீகம்ப்ரஷன் மட்டும் செஞ்சவங்க பின்தங்கலை.

6/ ஃப்யூஷனே தப்புன்னு சொல்லலை. 2016-லயே வந்த 66 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வில் அதுக்குச் சிறு பலன் தெரிஞ்சது. எலும்பு நிலையில்லாம அசைஞ்சா, முதுகு ரொம்ப வளைஞ்சிருந்தா தேவைப்படலாம். ஆனா அதைக் காட்டணும். இந்தப் பெரியவருக்கு நின்னு, குனிஞ்சு எடுக்கிற எக்ஸ்ரே கூட எடுக்கலை! எஸ்டிமேட் மட்டும் ரெடி. இது வைத்தியமா, வியாபாரமா?

7/ எம்ஆர்ஐயில் "சிவியர்"னு இருக்கிறதால மட்டும் ஆபரேஷன் வேண்டாம். வலியே இல்லாத வயசானவங்க படத்திலும் குறுகல் தெரியும். படத்துக்கு இல்லை, ஆளுக்குத்தான் வைத்தியம்.

8/ மூணு கேள்வி கேளுங்க. பயிற்சி, மாத்திரையோட பொறுத்துப் பார்க்கலாமா? டீகம்ப்ரஷன் மட்டும் போதாதா? போதாதுன்னா எந்தப் படத்தில் அது தெரியுது? கோபப்படாம பதில் சொல்றவர்தான் உங்க டாக்டர்.

9/ ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க. திடீர்னு சிறுநீர் அடைச்சுக்கிட்டாலோ, கட்டுப்படாம போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் பலம் இழந்தாலோ, செகண்ட் ஒபினியன் தேடாதீங்க. உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

10/ பெரியவரிடம் சொன்னேன்: "எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க ஐயா, பார்ப்போம். நிலம் அப்படியே இருக்கட்டும்."